பெயர் வெட்டிய தட்டு

குப்பையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நகராட்சி நிர்வாகத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது ஆண்டுகள் திடக்கழிவுப் பிரிவு. எத்தனை லாரி, எத்தனை தொட்டி, எந்த ஒப்பந்தம் எந்த விதியின் கீழ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் குப்பையை நேரில் பார்த்தது இரண்டு முறை. இரண்டு முறையும் அமைச்சர் வந்திருந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு நானும் மனைவியும் மகள் வீட்டோடு அமெரிக்காவில், நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்துவிட்டோம். இங்கே அலுவலகம் இல்லையே தவிர வேலைக்குக் குறைவில்லை. காகிதம் எந்த வாரம் எடுப்பார்கள், கிரீன் கார்டு புதுப்பிக்க எந்தப் படிவம், பழைய மெத்தையை வாசலில் போட டவுன்ஷிப்பில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெருவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னிடம்தான் கேட்கும். எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். வயதானவருக்குப் பொழுது போகட்டும் என்று கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

அப்போதுதான் தம்பி மகள் மேற்படிப்புக்காக இங்கே வந்தாள். ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் பல்கலைக்கழகம். படிப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் நிலைத்த வளர்ச்சியும் பண்பாடும். ஈரோட்டிலிருந்து தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, நீ குப்பைக்குக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குனே. இவ குப்பையப் படிக்கறதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகோணுமா?"

"படிக்கட்டும்டா. படிச்சவங்க கையெழுத்துப் போட்டா இன்னும் அழகா இருக்கும்" என்றேன்.

சனிக்கிழமை காலைகளில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்குவாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்ப்பாள். என் மனைவிக்கு அது மாமியார் பார்வையைவிட மோசமாகப் பட்டது.

"ஏங்கண்ணு, அதுல என்ன தேடறே? நான் ஒண்ணும் வீணாக்கறதில்ல."

"வகுப்புல சொல்லியிருக்காங்க பெரியம்மா. ஒரு வீட்டப் பத்தித் தெரியோணும்னா என்ன வாங்கறாங்கன்னு பாக்கறத விட என்ன வீசறாங்கன்னு பாருன்னு."

எங்கள் வீட்டில் வீசப்பட்டது குறைவு. தயிர் டப்பாக்கள் அடுக்களை அலமாரியில் ஒரு முழு அடுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. ரொட்டி வந்த பை, பழம் வந்த வலை, அரிசி மூட்டையின் ஜிப் எல்லாம் மறுவேலையில் சேர்ந்திருந்தன. மகள் வாரம் ஒருமுறை இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். தம்பி மகளோ நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகக் கேட்டாள். இது எதற்கு, எத்தனை மாதமாக இருக்கிறது, உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று. மனைவி முதலில் முறைத்தாள். மூன்றாம் வாரம், அவள் வருவதற்கு முன்பே பதில்களை யோசித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

படிப்பின் கடைசிப் பருவத்தில் அவள் ஒரு செயல்திட்டம் செய்து காட்ட வேண்டும். ஏட்டளவில் இல்லை. ஏதாவது ஓர் இடத்தில், உண்மையான மனிதர்களிடம், நான்கு வாரம் நடத்திக் காட்டி, மே மாத முதல் வாரத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் பட்டம் டிசம்பருக்குத் தள்ளிப்போகும். ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அவள் மிகவும் விரும்பிய வேலை, டிசம்பர் வரை காத்திருக்காத வேலை. மொத்தக் கதையும் இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் குறுக்கே வந்ததால் நடந்தது.

அவள் தேர்ந்தெடுத்த இடம் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும் கோயில். அங்கே மதியச் சாப்பாடு உண்டு. முந்நூறு பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டு, கிண்ணம், கரண்டி, டம்ளர் எல்லாம் பெரிய கருப்புப் பைகளில் போகும். பைகள் பின்பக்கம் மலையாகக் குவியும்.

"அது மக்கும் தட்டும்மா, தெர்மோகோல் இல்ல. போன வருஷமே மாத்தியாச்சு" என்று அவளிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

"எங்கீங்க பெரியப்பா மக்கும்?"

"மண்ணுல."

"இந்த லாரி மண்ணுக்குப் போகுதுங்களா?"

ஒன்பது ஆண்டு அனுபவத்தோடு யோசித்துப் பார்த்தேன். எல்லாப் பையும் ஒரே லாரியில்தான் ஏறுகிறது. அந்த லாரி உரம் தயாரிக்கும் இடத்துக்குப் போகவில்லை. தட்டின் அட்டைப் பெட்டியில் மட்டும் பச்சை இலை வரைந்திருந்தது.

அவளுடைய திட்டம் எளிமையானது. கோயிலில் கழுவிப் பயன்படுத்தும் பொதுத் தட்டுகள் வைக்க வேண்டும். சாப்பிட்டவுடன் ஒரு கூடையில் போட வேண்டும். தொண்டர்கள் சமையலறையில் உள்ள பாத்திரம் கழுவும் மெஷினில் கழுவ வேண்டும். அவள் பல்கலைக்கழக உணவகத்தில் அப்படித்தான் நடக்கிறது, புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. கோயில் கமிட்டித் தலைவரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிடுவதாகச் சொன்னாள். அவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேலாளர், நல்ல மனிதர், யார் எது கேட்டாலும் "ஷ்யூர், பண்ணிடலாம்" என்பவர்.

"வாய்மொழியாவா? எழுத்துல இல்லாதது நடந்ததா அர்த்தமே இல்லம்மா. நான் எழுதித் தரேன்" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் நான் இருபது வயது குறைந்தவனாக உணர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருள், பார்வை, முன்னுரை, கோரிக்கை, காலவரையறை. ஐந்து பக்கம். இணைப்புகள் ஏழு. சுகாதார விதிகள், மெஷினில் தண்ணீரின் வெப்பநிலை, தட்டு உடைந்து யாருக்காவது காயம் பட்டால் பொறுப்பு யாருடையது, ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு என்ன மாற்று ஏற்பாடு. எழக்கூடிய எல்லா ஆட்சேபணைகளையும் முன்கூட்டியே எழுப்பி, நானே பதிலும் சொல்லியிருந்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குதுங்க பெரியப்பா, ஆனா இவ்வளவு வேணுங்களா?" என்றாள். மனைவி படிக்கவே இல்லை. "இவர் எழுதின மனுவுல எது நடந்திருக்கு? நம்ம தெருவுக்குத் தெருவிளக்குப் போடச் சொல்லி எழுதினாரு. இருந்த விளக்கையும் கழட்டிட்டுப் போனாங்க" என்று மட்டும் அவளிடம் சொன்னாள்.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு, செருப்பு விடும் இடத்தில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், உங்க டாக்குமெண்ட் சூப்பர். எங்க ஆபீஸ்ல கூட யாரும் இவ்ளோ டீடெயில்டா எழுத மாட்டாங்க."

நான் தன்னடக்கத்தோடு தலையசைத்தேன்.

"அதைப் படிச்சப்புறம்தான் எங்களுக்கே ஸ்ட்ரைக் ஆச்சு. இதுல இவ்ளோ ரிஸ்க் இருக்கா? பிளேட் உடைஞ்சா லயபிலிட்டி, அலர்ஜி... நாங்க யோசிக்கவே இல்ல. ஸோ ஒரு சப்கமிட்டி ஃபார்ம் பண்ணிருக்கோம். லாயர் ஒருத்தரும் ரெவ்யூ பண்றார். சம்மருக்குள்ள கண்டிப்பா முடிச்சிடலாம்."

கோடைக்குள். அவளுக்குத் தேவை மார்ச் மாதம்.

காருக்குத் திரும்பும்போது, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அது எனக்கு ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐந்து பக்கத்தில் அவர்களுக்கு நான் பயத்தைக் கற்றுக்கொடுத்திருந்தேன். "ஷ்யூர், பண்ணிடலாம்" என்று சொல்லக் காத்திருந்த ஒரு மனிதரைக் கூப்பிட்டு, நீங்கள் இப்படியெல்லாம் மறுக்கலாம் என்று இணைப்புகளோடு வழிகாட்டியிருந்தேன். பணியில் இருந்தபோது இதையே திறமை என்று பாராட்டினார்கள்.

"என்மேல கோபமாம்மா?" என்று கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லீங்க பெரியப்பா. கொஞ்சம் அழுகை வருது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அழுதுக்கறேன், வண்டிய ஓட்டுங்க."

அடுத்த ஞாயிறு அவள் தலைவரைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வார நாட்களில் பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் உயர் பதவி. ஞாயிற்றுக்கிழமை புடவையைச் செருகிக்கொண்டு அண்டாவுக்கு எதிரில் நிற்பார். நான் ஒரு மூலையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். சமையலறையில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த அதிகபட்ச அதிகாரம் அதுதான்.

"ஆன்ட்டி, கமிட்டிய விடுங்க. அவங்க சரின்னு சொல்லியிருந்தா, பொதுத் தட்டு வெச்சிருந்தா, நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "உண்மையச் சொல்லவா? மாட்டேன்டி. மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வாரத்துல மெஷின் ரிப்பேர்னு சொல்லிருப்பேன்."

"ஏன் ஆன்ட்டி?"

"முந்நூறு பேர் எச்சில் தட்டை யாரு எடுப்பா? என் வாலண்டியர்ஸ் எல்லாம் வேலைக்குப் போறவங்க, சாமிக்குன்னு வர்றாங்க. கோலம் போடச் சொன்னா போடுவாங்க, வெங்காயம் உரிப்பாங்க. எச்சில எடுன்னா வர மாட்டாங்க. சாப்பிடறவங்களுக்கும் அப்படித்தான். ரெஸ்டாரன்ட்ல யார் தட்டுன்னு தெரியாது, சாப்பிட்டுட்டு வருவோம். இங்க முன்னாடி பந்தியில அந்தத் தட்டுல சாப்பிட்டவர் எதிர்லயே உக்காந்திருப்பார். லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் குடுத்தாலும் மனசு ஒப்பாதும்மா."

நான் வாதாடத் தயாரானேன். வெப்பநிலை பற்றிய இணைப்பு எண் மூன்று மனப்பாடமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பிறகு நோட்டைத் திறந்து அந்த அம்மாள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டாள்.

வரும் வழியில் சொன்னாள்: "அவங்க சொன்னதுல தப்பே இல்லீங்க பெரியப்பா. நாந்தான் வேற ஊருக்காரங்க தட்டத் தூக்கிட்டு வந்து, இதுல சாப்பிடுங்கன்னு நின்னிருக்கேன். எங்க படிப்புப் பேருல ரெண்டு பாதி இருக்குது. நான் முதல் பாதிய மட்டும்தான் படிச்சிருக்கேன் போல, பண்பாட்ட விட்டுட்டேன்."

அன்று வீட்டில் மகளும் மருமகனும் வேறு விருந்துக்குப் போயிருந்தார்கள். பாத்திரம் கழுவும் மெஷின் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. தட்டு இல்லை என்று மனைவி நிலவறைக்குப் போய், நாங்கள் வந்த நாளிலிருந்து பிரிக்காத ஒரு பெட்டியிலிருந்து மூன்று எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுவந்தாள். சோறு போடும்போது தம்பி மகள் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே என் மனைவியின் பெயர், பிறந்த வீட்டு இனிஷியலோடு, எங்கள் கல்யாணத் தேதியோடு, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"பெரியம்மா, இது எல்லார் வீட்டுலயும் இருக்குமா?"

"இல்லாம? பொண்ணக் குடுக்கறப்போ பாத்திரம் குடுக்காத வீடு ஏது? இங்க வந்தவங்க சூட்கேஸ்ல பாதி எவர்சில்வர்தான். அப்பறம் பசங்க பீங்கான்தான் அழகுன்னு சொல்லி, எல்லாம் நிலவறைக்குப் போயிருச்சு."

"பேரு எதுக்குங்க வெட்டறாங்க?"

"விசேஷம்னா ஒரு வீட்டுப் பாத்திரம் பத்து வீட்டுக்குப் போகும் கண்ணு. பேரு இருந்தாத்தானே திரும்பி வரும்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஆனால் அவளுக்குத் தோன்றியது தட்டைப் பற்றி. எனக்குத் தோன்றியது விதியைப் பற்றி.

கோயிலின் விதிப்புத்தகம் என்னிடம் இருந்தது. அச்சிட்டு வைத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாற்பத்தொரு பிரிவுகளையும் அன்று மாலை படித்தேன். செருப்பு பற்றி இருந்தது, செல்போன் பற்றி இருந்தது, தேங்காயை எங்கே உடைக்க வேண்டும் என்று இருந்தது. ஒருவர் தன் வீட்டுத் தட்டைக் கொண்டுவந்து சாப்பிடக் கூடாது என்று எங்கும் இல்லை. அனுமதி வாங்க வேண்டும் என்றும் இல்லை. தட்டு என்ற சொல்லே அதில் இல்லை.

"அப்படீன்னா யாருகிட்டயும் கேக்க வேண்டாங்களா?"

"கேட்டாத்தானே மறுக்க முடியும்."

"இதை எழுதி வெச்சுக்கலாமா பெரியப்பா?"

"எழுதவே கூடாது" என்றேன். அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததை மனைவி வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், ஜுரமா என்று.

கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் மனைவிதான் போட்டாள். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே அதில் வரவில்லை. ஞாயிறு சாப்பாட்டுக்கு அவரவர் கல்யாணத் தட்டைக் கொண்டு வாருங்கள், யாருடையது பழசு என்று பார்ப்போம் என்றுதான் இருந்தது.

மார்ச் முதல் ஞாயிறு ஒன்பது தட்டுகள் வந்தன. ஒன்பதும் ஒன்றோடொன்று போட்டி போட்டன. "இது எங்கம்மா வேலூர்ல வாங்கினது, கனத்தப் பாருங்க", "உங்களுது டேட் ஏன் அழிஞ்சிருக்கு, வயசை மறைக்கவா?" என்று பந்தி முழுவதும் பேச்சு. சாப்பிட்டவர்கள் தங்கள் தட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சொந்த எச்சிலில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. மிச்சத்தைத் தள்ள ஒரு வாளி வைத்திருந்தாள் தம்பி மகள். கழுவத்தான் இடம் இல்லை. வெளிக் குழாயைக் குளிர் முடியும்வரை அடைத்திருந்தார்கள். கை கழுவும் இடத்திலேயே எல்லோரும் கழுவினோம். அடுத்த ஞாயிறு தட்டுகள் முப்பதைத் தாண்டின. கறிவேப்பிலை அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றது. சமையலறை அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் திட்டவில்லை. "உள்ள வாங்கடி, பெரிய சிங்க் காலியாத்தான் இருக்கு. ஆனா அவங்கவங்க தட்டை அவங்கவங்க கழுவணும், சொல்லிட்டேன்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு தலைவர் என்னிடம் வந்தார். "அங்கிள், இதுக்கு அப்ரூவல் இருக்கா?"

"எதுக்குங்க? நான் என் தட்டுல சாப்பிடறதுக்கா?"

"இல்ல... சப்கமிட்டி இன்னும் ரிப்போர்ட் குடுக்கலையே."

"அது பொதுத் தட்டுக்கு. இங்க பொதுத் தட்டே இல்லையே, பாருங்க."

அவர் பார்த்தார். அவர் மனைவியே இரண்டு தட்டுகளோடு வரிசையில் நின்றிருந்தார். "உங்க பேரு போட்டதும் கொண்டு வந்திருக்கேன், பேசிட்டே நிக்காம வாங்க" என்றார். தலைவர் போனார். அவர் தட்டில் மாமனார் வீட்டார் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் திரு என்று மரியாதையாக வெட்டியிருந்தார்கள். அன்று சாப்பாடு முடியும்வரை அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள்.

நான்காம் ஞாயிறு தட்டோடு டம்ளரும் கிண்ணமும் கொண்டுவந்தவர்களே அதிகம். பின்பக்கத்துக் கருப்புப் பைகளைத் தம்பி மகளோடு போய்ப் பார்த்தேன். வழக்கமான குவியலில் பாதிகூட இல்லை. அமைச்சர் யாரும் வராமல் நான் குப்பையை நேரில் பார்த்தது அதுவே முதல் முறை.

அறிக்கையை நாளுக்குள் கொடுத்தாள். பல்கலைக்கழகத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டிய நாளில் எங்களையும் அழைத்திருந்தாள். மனைவியின் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாள். என் ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தவரை, ஊரில் தினமும் இதில்தான் சாப்பிட்டேன், ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை, அட்டைத் தட்டில் சாப்பிடும் தேசத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன் என்றாள். ஒரு பேராசிரியை கேட்டார், அனுமதி எப்படி வாங்கினீர்கள் என்று. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரையில் அடுத்த பக்கம் வந்தது. என்னுடைய மனு. பொருள், பார்வை எல்லாம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு. 'முதல் திட்டம் ஏன் தோற்றது' என்ற அத்தியாயத்துக்கு இணைப்பு எண் ஒன்று.

அரங்கம் சிரித்தது. நானும்தான். என் பணிக்காலத்தில் நான் எழுதிய எதையும் யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

பட்டம் மே மாதமே வந்தது. போனில் தம்பி, "அண்ணா, குப்பையில பாஸாயிட்டா" என்றான். போன் லைன் சரியில்லை என்று சொல்லி இருவரும் அவசரமாகப் போனை வைத்துவிட்டோம்.

அவள் புறப்படும் நாள் காலையில் பெட்டியை எடை போடும் பொறுப்பு என்னுடையது. இருபத்து மூன்று கிலோ. அதற்குமேல் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை நான் எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினேன், சரியாக இருந்தது. அப்போது மனைவி அந்தத் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"பெரியம்மா, உங்க பேரு போட்டதாச்சே."

"இருக்கட்டும் கண்ணு. திரும்பிக் கொண்டாந்து குடுக்கோணும்ல."

மறுபடி தூக்கினேன். அரைக் கிலோ கூடுதல். இருவரும் என்னைப் பார்த்தார்கள். விதி விதிதான். பெட்டியைத் திறந்து, மேலே இருந்த கனமான அறிக்கைப் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்தேன். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றேன். தட்டு உள்ளே போனது.

அந்தப் புத்தகம் இப்போது என் அலமாரியில், கோயில் விதிப்புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூலையில் கோயில் சப்கமிட்டியின் கடிதம் வந்தது. கோரிக்கை கொள்கை அளவில் ஏற்கப்படுவதாகவும், மேற்கொண்டு விவரம் தேவை என்றும். அதை மடித்து, அவள் அறிக்கையில் என் மனு இருக்கும் இணைப்பு எண் ஒன்றுக்குப் பின்னால் செருகி வைத்தேன். பதில் எழுதவில்லை.